விடிவெள்ளி எந்தப் பக்கம்

ஏப்ரல் 13, ஞாயிறு. குருத்தோலை ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மத்தியானம் மழை கொட்டும் என்று பார்த்தால் வெறும் இடி. துவைத்த துணி பாதி ஈரத்தோடு உள்ளே.

சாயங்காலம் ஆலயத்தில் குருத்தோலை பற்றவில்லை. பாடகர் குழுவை நடத்தும் பிலோமினா அக்கா ஆளுக்குப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தார். "ஓசன்னா பாடறதுக்குப் பாதி ஓலை போதும்லா" என்று விளக்கம் வேறு. எனக்குக் கிடைத்தது காம்பு.

ஆராதனை முடிந்து கூட்டம். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை வழக்கம்போல கோப்பெங்குக்கு உள்ளே, பழைய ரப்பர் எஸ்டேட்டின் கல்லறைத் தோட்டத்தில். ஈப்போவிலிருந்து இருட்டோடு கிளம்பி, இருட்டோடு போய் நின்று, விடிகிற வரை பாட்டு, ஜெபம், பிரசங்கம். சபை வேனை ஓட்டுவது இவர், என் வீட்டுக்காரர். பிரசங்கமும் இவர். தலைப்பை யாரும் கேட்கவே இல்லை. வருடா வருடம் வானம்தான். மெழுகுவர்த்திகளை அணைக்கச் சொல்லுவார், தலையைத் தூக்கச் சொல்லுவார், ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டுவார். "இதையெல்லாம் அங்க தொங்க விட்டவருதான் ஒரு நாளு நம்மள மாதிரி கையும் காலுமா வந்தாரு" என்பார். அந்த இடத்தில் பிலோமினா அக்கா மூக்கை உறிஞ்சுவார். அதுவும் வருடா வருடம்.

இவர் பிறந்தது அந்த எஸ்டேட். மாமனார் மாமியார் அங்கேதான் அடக்கம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகளை இடித்தார்கள், ஆட்கள் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் ஈஸ்டர் விடிவது அங்கேதான்.

பாஸ்டர் சின்ன வயது, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஐசக் அண்ணன் பேசினா நான் கேக்கத்தான் வாரேன்" என்றார். மற்ற வருடமாக இருந்தால் இவருக்குக் காது வரை சிரிப்பு இருக்கும். இன்று தலையை மட்டும் ஆட்டினார்.

வாங்க வேண்டியது: மெழுகுவர்த்தி, அதற்குக் காகிதக் கிண்ணம், முட்டை, கொசுவத்தி, இவருக்கு வெள்ளைச் சட்டை (பழையதில் காலர் போச்சு).

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. சுண்ணாம்புக் குன்றுக்கு மேலே முழு நிலா. இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேனை உருட்டிக்கொண்டே வந்தார். பின்னால் லோரிக்காரன் விடாமல் ஹாரன். "கண்ணாடி அழுக்கு" என்றார். இறங்கியதும் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

பக்கத்து வீட்டிலிருந்து வருடப் பிறப்புப் பாயசம். முந்திரி தாராளம். சாயங்காலம் பேய் மழை.

பாகான் செராயிலிருந்து என் அக்கா போன். நான் கல்யாணம் கட்டி ஞானஸ்நானம் எடுத்து இத்தனை காலம் ஆகியும் கிண்டல் நிற்கவில்லை.

"என்னா லதா, உங்க வீட்டுக்காரரு இன்னும் நட்சத்திரத்த காட்டித்தான் ஆள் பிடிக்கிறாரா?"

"உனக்கென்ன, நெல்லு வயலுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு தினம் பாக்கற."

"நான் எங்க பாக்கறேன்? ராத்திரி ஆனா சீரியல்தான் பாக்கறேன்."

சிரித்தோம். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் வேறு மாதிரி ஆகிவிட்டது.

இவர் எங்கள் ஊருக்கு நெல் லோரியோடு வந்தவர். ஒரு சாயங்காலம் வரப்பில் நின்று மேலே கை காட்டி, "இத்தனையும் சும்மா வந்துச்சுன்னு நம்பறியா?" என்றார். நான் மேலே பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு மனிதன் முகம் பொய்யைப் பார்த்து இப்படி மலராது என்று தோன்றியது. அதை நம்பித்தான் ஞானஸ்நானம் வரை போனேன். சபையில் சாட்சி சொல்லச் சொன்னபோது நட்சத்திரம் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை இதுதான்: இவர் நம்புகிறார், நான் இவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு நட்சத்திரம் என்றால் நட்சத்திரம். ஜெலாப்பாங்கில் கையுறை ஃபேக்டரியில் என் வேலையே ரப்பர் கையுறையை விளக்குக்கு மேல் இழுத்துப் பிடித்து ஓட்டை தேடுவது. ஊசி முனை அளவு இருந்தாலும் வெளிச்சம் பொத்துக்கொண்டு வரும். ராத்திரி வானத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் வாயில் வருவது 'ரிஜெக்ட்'. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஏப்ரல் 16, புதன்

நேற்று எழுதவில்லை. ஓவர்டைம்.

இன்று விடிவதற்கு முன் இவர் எழுப்பினார். "வா, ஒரு தடவ பேசிப் பாக்கறேன்." வருடா வருடம் ஒத்திகைக்கு நான்தான் சபை. வீட்டுப் பின்கட்டு. வாளி, துணிக்கொடி, சட்டி கழுவும் கல். மழை கழுவிவிட்ட வானம், ஒரு மேகம் கிடையாது. நிலா மேற்கே சாய்ந்திருந்தது.

நன்றாகவே பேசினார். குரல் ஏறி இறங்கியது. கடைசியில் கை நீண்டது. "அதோ பாருங்க, விடிவெள்ளி. ராத்திரி பூரா இருட்டுதான் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா அது வந்து நிக்குது பாருங்க, சூரியன் வரப்போகுதுன்னு சொல்லிக்கிட்டு."

கை நீண்டது குன்றடியில் கல் உடைக்கிற இடத்துக் கம்பத்து விளக்கை நோக்கி. ராத்திரி முழுக்க எரிகிற விளக்கு. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அங்கே இருக்கிறது. விடிவெள்ளி நல்ல தூரம் தள்ளி, பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலே, தன் பாட்டுக்கு ஜொலித்துக்கொண்டிருந்தது.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. வரப்பில் பார்த்த அதே மலர்ச்சி. விளக்குக் கம்பத்தைப் பார்த்து.

"சரியா இருக்கா?" என்றார்.

"ம்."

"இன்னைக்கு நல்லா தெரியுதுல்ல?"

"தெரியுது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது.

உள்ளே போகும்போது துணிக்கொடியில் கழுத்தை இடித்துக்கொண்டார். "யாரு இத இங்க கட்டினா?" என்று எரிந்து விழுந்தார். கட்டியது அவர்தான்.

ஃபேக்டரியில் நல்ல கையுறையை எல்லாம் ரிஜெக்டில் போட்டிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. சாவித் துவாரத்தைத் தடவுவது. கரண்ட் போனால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பது. கல்யாண வீட்டில் இருட்டுவதற்குள் கிளம்பலாம் என்று பிடுங்குவது. இவருக்கு வயதாகிறது என்று என் நினைப்பு. மாமனாருக்கும் இப்படித்தான் மாலைக்கண்ணில் ஆரம்பித்தது. கடைசியில் பகலிலும் ஒன்றும் இல்லை.

ஞாயிறு அதிகாலை வேன். அந்த எஸ்டேட் பாதையில் ஒரு விளக்கு கிடையாது. ஒரு பக்கம் செம்பனை, மறு பக்கம் ஈயம் எடுத்த பழைய குட்டை, ஆழம் யாருக்கும் தெரியாது. தடுப்பு இல்லை. வேன் நிறைய ஆள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாயங்காலத்திலிருந்து தூறல். திருவிருந்து ஆராதனை.

திரும்பும்போது நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அது பிலோமினா அக்கா இடம். "பாருங்கலா, இன்னைக்குப் புதுப் பொண்ணு மாதிரி பக்கத்துலயே ஒட்டிக்கிட்டா" என்று பின்னால் போய் உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜெலாப்பாங் சந்திப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் நேராக வந்தது. நான் பார்த்தேன். இவர் பார்ப்பார் என்று காத்திருந்தேன். கால் பிரேக்குக்குப் போகவே இல்லை.

"என்னங்க!"

கத்தியே விட்டேன். வேன் நின்றது, பின்னால் எல்லோரும் முட்டிக்கொண்டார்கள். மோட்டார்க்காரன் சாய்ந்து சமாளித்து நின்றான், மலாய்ப் பையன். "மாத்தா பூத்தா கே!" என்று கத்தினான். கண் குருடா என்று கேட்கிறான்.

"லைட் போடாம வாரான், பேச்சப் பாரு" என்றார் இவர்.

லைட் இருந்தது. என் கண்ணைக் கூசும் அளவுக்கு இருந்தது.

"நல்ல வேளை, அண்ணன் சடார்னு பிரேக் போட்டாரு. ஸ்தோத்திரம்" என்றார் பிலோமினா அக்கா. பின்னாலிருந்து எல்லோரும் ஸ்தோத்திரம். அந்த ஸ்தோத்திரத்தில் பாதி எனக்கு வர வேண்டியது.

வீட்டில் இவர் சாப்பிடவில்லை. மழையில் வேனைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார், வெகு நேரம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

லீவு போட்டேன். இங்கே இதற்கு விடுமுறை கிடையாது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிடுவது என்று முடிவு. பட்டினி வேறு, தலைவலி வேறு. வெளியே மழை, ஜன்னலை எல்லாம் சாத்தினேன்.

"புதன்கிழமை நீங்க காட்டினது விடிவெள்ளி இல்ல. கல்லு ஒடைக்கிற எடத்து லைட்டு."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்பவே ஏன் சொல்லல? தெரியுதுன்னு சொன்ன?"

"நீங்க ஏன் சொல்லல?"

"என்னா சொல்லணும்?"

"எத்தன நாளா?"

நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "நட்சத்திரம் போயி ரெண்டு வருசமாச்சு" என்றார். யாரோ ஊரை விட்டுப் போன மாதிரி.

"போன வருசம் காட்டினீங்களே. எல்லாத்தையும் காட்டினீங்களே."

"பழக்கத்துல காட்டினேன். எல்லாரும் ஆமான்னு தலைய ஆட்டினாங்க."

நானும் ஆட்டியிருக்கிறேன். ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை போலிருக்கிறது. எல்லோரும் என்னைப் போலவே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

பிறகு அவராகவே பேசினார். "அம்மா செத்த அன்னைக்கு எனக்கு எட்டு வயசு. அப்பா லயத்து வாசல்ல உக்காந்திருந்தாரு. அழுவல. என்னை மடியில வச்சிக்கிட்டு, அங்க பாருன்னாரு. அவ்ளோதான். அப்ப கரண்டு ஏது? வானம் பூரா. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுச்சு லதா, யாரோ இருக்காருன்னு. யாரும் சொல்லிக் கொடுக்கல. இயேசு, சபை, ஜெபம் எல்லாம் அதுக்குப் பின்னாடி வந்துச்சு. இவருதான் அவருன்னு புரிஞ்சுச்சு. ஆனா மொதல்ல அது. இப்ப ராத்திரி மேல பாத்தா தார் பூசின மாதிரி இருக்கு. நிலா மட்டும் ஒரு ஓரமா. அவரு வெளக்க அணைச்சிட்டாரா, இல்ல என்னை வெளிய தள்ளிக் கதவ சாத்திட்டாரான்னு தெரியல."

"வானம் தெரியலன்னா சிலுவை இல்லைன்னு ஆயிடுமா? இன்னைக்குத்தானே அதப் பத்தி அவ்ளோ நேரம் கேட்டுட்டு வந்தோம்?"

"அது கேட்டுத் தெரிஞ்சது. இது பாத்துத் தெரிஞ்சது."

வானம் ஒருவர் பெரியவர் என்று மட்டும் சொல்லும், அவருக்கு நம் மேல் பிரியம் என்று சிலுவைதான் சொல்லும் என்று பாஸ்டர் காலையில் பேசினார். அழகாகத்தான் இருந்தது. அதை இவரிடம் ஒப்பிக்க எனக்கு என்ன யோக்கியதை? இவர் பார்த்ததை நம்பித்தானே நான் இத்தனை காலம் நின்றேன். இவருக்கு இல்லாமல் போனால் எனக்கு மட்டும் எங்கே இருக்கும்? இதை எழுதவே பயமாக இருக்கிறது.

"சரி. ஞாயித்துக்கிழமை வேனை நான் ஓட்டறேன். எனக்கும் லைசன்ஸ் இருக்கு."

"ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"இன்னைக்குச் சாவிய வாங்குவாங்க, நாளைக்குப் பிரசங்கத்த வாங்குவாங்க. கண்ணு தெரியாதவன் வானத்தப் பத்திப் பேசறான்னு சிரிப்பாங்க. இந்த ஒரு வருசம் லதா. எனக்கு அந்தப் பாதை காலுக்குத் தெரியும்."

"பிலோமினா அக்கா பேத்திங்க ரெண்டும் வருதுங்க அந்த வேன்ல."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 19, சனி

சுட்டெரிக்கிற வெயில். முட்டை வாங்கப் போகிறேன் என்று சாக்கு. காரை எடுத்துக்கொண்டு கோப்பெங் போய் அந்தப் பாதையில் நானே ஓட்டிப் பார்த்தேன். பகலிலேயே சூசா, கஷ்டமான பாதை. லோரி ஏறி ஏறிக் குழி. சின்னப் பாலம், இறங்கினால் இடது பக்கம் வளைவு, பிறகு வலது ஓரமாகக் குட்டை. தண்ணீர் பச்சையாக, அழகாக, ஒன்றும் அறியாத மாதிரி கிடக்கிறது. திங்கட்கிழமை மழையில் கரை ஒரு இடத்தில் உள்ளே சரிந்திருக்கிறது. யாரோ ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் அது யாருக்குத் தெரியும்?

இறங்கி நின்றேன். காற்று இல்லை. குட்டைக்கு அந்தப் பக்கம் குன்று, அதன் உச்சியில் பச்சை, அதற்கு மேல் வெயில். ஆண்டவரின் கைவேலை என்று இவர் சொல்லியிருப்பார். எனக்குக் கோபம் வந்தது. உமது வானத்தைக் காட்டித்தானே அந்த எட்டு வயதுப் பிள்ளையைப் பிடித்தீர், பிடித்த கையை இப்படிப் பாதியில் விடலாமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். ஜெபம் என்று சொல்ல முடியாது. சண்டை.

திரும்பும் வழியில் பாஸ்டர் வீடு. சொல்லத்தான் போனேன். அவர் ஒலிபெருக்கியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. அண்ணன் தயாரா?"

"ம். நல்லா பேசிப் பாத்தாரு."

"நான் ஒண்ணும் தயார் பண்ணலக்கா. ஜனங்களோட நின்னு கேக்கப் போறேன்."

மெழுகுவர்த்தி வாங்கியாயிற்று, முட்டை வாங்கியாயிற்று என்று ஒப்பித்துவிட்டு வந்தேன். சீ. புதன்கிழமை ஒரு பொய், இன்று ஒன்று. சொன்னால் இவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் குட்டை. இப்படி எழுதிப் பார்த்தால் எது பெரிது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே போய் நின்றால் நாக்கு எழவில்லை.

இரவு புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வேன் சாவியை அதன் பையில் போட்டு மாட்டி வைத்துவிட்டுப் படுத்தார். எடுத்து ஒளித்துவைக்கலாமா என்று பார்த்தேன். அவர் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மழை இல்லை. மேகம் உண்டு, அங்கங்கே. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், விட்டால் மறந்துவிடும்.

ஆலய வாசலில் எல்லோரும் வந்துவிட்டார்கள். போர்வை, ஃப்ளாஸ்க், பாதித் தூக்கத்தில் பிள்ளைகள். பாஸ்டரின் கார் முன்னால் நின்றது, விளக்கு எரிய. இவர் ஒவ்வொருவராக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார், தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி. அந்தக் குரலில் இருந்த அக்கறையைக் கேட்டதும்தான் என்னால் தாங்க முடியவில்லை. போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைத்துக் கையை நீட்டினேன்.

"சாவி."

"என்னா லதா, அண்ணன் ஓட்டலையா?" பிலோமினா அக்கா.

இடுப்பு வலி என்று சொல்லலாம். தூக்கம் இல்லை என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனியில் இருந்தன. சொல்லவில்லை. இது அவர் சொல்ல வேண்டியது. காரின் வெளிச்சத்தில் அவர் நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னை அடிக்கப் போகிறாரோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அடித்ததே இல்லை. அப்படி இருந்தது நின்ற நிலை.

"எனக்கு ராத்திரியில கண்ணு தெரியலக்கா" என்றார். "ரெண்டு வருசமா."

பிலோமினா அக்கா, "போன ஈஸ்டருக்கும்?"

"ஆமா."

"வியாழக்கிழமை?"

"ஆமாக்கா."

"எங்க பேத்திங்கள ஏத்திக்கிட்டா? தெரிஞ்சேவா ஐசக்?" அண்ணன் போய் ஐசக் ஆகிவிட்டது. பிள்ளைகள் இரண்டையும் கையைப் பிடித்து இறக்கினார். "லதா, உனக்கும் தெரியுமா?"

"புதன்கிழமையிலிருந்து தெரியும்" என்றேன்.

அக்கா திட்டியது எல்லாம் எழுதப் போவதில்லை. அத்தனையும் நியாயம். திட்டி முடித்து, மூச்சு வாங்கி, வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு பிள்ளைகளைத் தூக்கி உள்ளே போட்டார். "நீ ஓட்டறதா இருந்தா ஏறறேன். பெலான் பெலான் போ." மெதுவாகப் போகச் சொல்கிறார். மெதுவாகத்தான் போகப் போகிறேன், வேறு எப்படி?

இவர் பாஸ்டரிடம், "நீங்க பேசுங்க" என்றார். "அண்ணே, என்கிட்ட ஒண்ணுமே இல்லையே" என்றார் பாஸ்டர், பாவமாக.

இவர் என் பக்கத்து சீட்டில் ஏறினார். சாவியை என் மடியில் போட்டார். கைகள் முழங்காலில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

கோப்பெங் தாண்டினோம். எஸ்டேட் பாதையில் திரும்பியதும் முன்னால் போன பாஸ்டரின் கார் வளைவில் மறைந்துவிட்டது. வேன் விளக்கில் செம்பனை அடிமரங்கள், குழி, புழுதி. அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "பாலம் வரும். எறங்கினதும் இடது. பிரேக்க வச்சுக்க." வந்தது. "இப்ப ரெண்டு குழி. வலது சக்கரத்த மேட்டுல ஏத்து." ஏற்றினேன். எல்லாம் இருந்தது அவரிடம். "இங்கிருந்து குட்டை. வலது ஓரமாவே போ, இடது பக்கம் சேறு."

"இல்லைங்க. வலது ஓரம் சரிஞ்சு கெடக்கு. திங்கக்கெழம மழையில."

நான் இடது பக்கமே சேற்றில் இறக்கி ஓட்டினேன். சிவப்புத் துணி கட்டின குச்சி விளக்கில் வந்து போனது. அதற்கு அப்பால் கறுப்பு.

"நான் வலது பக்கமாத்தான் எடுத்திருப்பேன்" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில். தோள் குலுங்கியது. நான் ரோட்டைப் பார்த்தேன்.

கல்லறைத் தோட்டம். ஈரப் புல், கொசு, மாமனார் மாமியார் சிலுவைகளில் யாரோ போன வருடம் சாத்திய பிளாஸ்டிக் மாலை. பாட்டு ஒன்று பாடினோம், சுருதி சேரவில்லை. மெழுகுவர்த்திகளை அணைத்தார்கள். இவர் எழுந்து நிற்பாரா என்றே எனக்குச் சந்தேகம். நின்றார். கை கீழேயே இருந்தது.

"நான் பேசக் கூடாதுன்னு நெனைக்கறவங்களுக்கு நியாயம் இருக்கு" என்றார். "கொஞ்சம் பொறுத்துக்குங்க. இன்னைக்கு என்னால ஒண்ணும் காட்ட முடியாது. நீங்க சொல்லுங்க. மேல என்னா இருக்கு?"

வருடா வருடம் அவர் காட்டக் காட்டத் தலையை ஆட்டிப் பழகியவர்களுக்குத் தாங்களாகப் பார்க்கத் தெரியவில்லை. கழுத்துகள் திரும்புகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

"பாதி நிலா இருக்குண்ணே" என்றார் பாஸ்டர், தயங்கி. "அதுக்குக் கிட்ட நட்சத்திரம் இல்ல. தள்ளித் தள்ளி இருக்கு."

"தேளு மாதிரி வளைஞ்சு ஒண்ணு போவுது. செம்பனைக்கு அந்தாண்ட." இது பின்வரிசையில் யாரோ.

"ஒண்ணு செவப்பா இருக்கு."

"மேகம் நகருது. ஆமா, நகருது."

கடைசியில் பிலோமினா அக்கா கோபம் ஆறாத குரலிலேயே, "நிறைய இருக்கு ஐசக். எண்ணவெல்லாம் முடியாது" என்றார்.

"ஸ்தோத்திரம்" என்றார் இவர். "அணைஞ்சு போச்சுன்னு நெனைச்சேன். என்னோடதுதான் அணைஞ்சிருக்கு." பக்கத்திலிருந்த சிலுவையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "மொத ஈஸ்டர் காலையில அந்தப் பொம்பளைங்களும் இருட்டோடதான் இயேசுவோட கல்லறைக்குப் போனாங்க. எதையும் பாத்துட்டுப் போகல. கல்ல யாரு தள்ளுவான்னுகூடத் தெரியாமப் போனாங்க. அவரு அதுக்கு முன்னாடியே எழுந்துட்டாரு. இவங்களுக்குத் தெரியலன்றதுக்காக அவரு எழாம இருக்கல." அதோடு நிறுத்திவிட்டார். வேறு வருடமாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் போகும்.

பிறகு நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார். "லதா, விடிவெள்ளி வந்திருச்சா? எப்படி இருக்கு?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கிழக்கே பார்த்தேன். செம்பனை மட்டைகளுக்கு மேலே மேகம் ஒரு இடத்தில் விலகியிருந்தது, அதற்குள் அது இருந்தது. வெள்ளையாக, பெரியதாக, ஆடாமல். சுற்றிலும் வானம் வெளுக்கவே இல்லை. சட்டென்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அழுகை வருகிற மாதிரி. இது இத்தனை வருடமும் இங்கே வந்து நின்றிருக்கிறது. யாருக்காக என்று கேட்டால், எனக்காகவும் என்று தோன்றியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"லதா? மேகமா?"

"இல்லைங்க. இருங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்."